வாயில டேப் ஒட்டித் தூங்கலாமோ?

கடற்கரைநடை:
கச்சான் காத்து (தென்மேற்கால வீசுற காய்ஞ்ச காத்து) தொடங்கினா மூக்கு அடைச்சிடுது. இரவில வாயைத் திறந்தபடி நித்திரை, விடிய நாக்கு மரப்பட்டை மாதிரி. திருகோணமலை டச்சு பே கரையில ஓடேக்கயும் வாயாலதான் மூச்சு. மூக்கால இழுத்தா ஒட்சிசன் கூடக் கிடைக்குமாம், வாயில டேப் ஒட்டிப் படுக்கட்டாம். எவ்வளவு உண்மை?

உவர்மலை7:
டேப் இப்ப வேண்டாம். முதல் மூக்குத் திறக்கோணும். மூக்கும் அடைப்பு, வாயும் ஒட்டு என்டா மூச்சு எங்கால போறது? குறட்டை விட்டு இடையில மூச்சு நிக்கிற ஆக்கள் டொக்டரைக் காட்டாமல் ஒட்டவே கூடாது.

ஒட்சிசன் கதை பாதிதான் சரி. சுகமான ஆளுக்குச் சும்மா இருக்கேக்கயே ரத்தத்தில 95 வீதத்துக்கு மேல நிரம்பித்தான் இருக்கும். மூக்கின்ர பெறுமதி வேற. உள்ளுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று சுருள் எலும்பு, அதைச் சுத்தி ரத்தம் ஊறின சவ்வு. கச்சான் எவ்வளவு காய்ஞ்சு வந்தாலும் தொண்டையைத் தாண்ட முதல் ஈரமாகி, உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்திடும். வாயால இழுத்தா அந்த ஈரத்தை எச்சில்தான் குடுக்கோணும். எச்சில் வத்தினா பல்லுச் சொத்தை, வாய் நாத்தம். மற்றது, மூக்கைச் சுத்தின சைனஸ் அறைகளில ஊறுற நைத்திரிக் ஒட்சைட்டு என்ட வாயு மூக்குக் காத்தோட நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாயை விரிக்கும். வாய்க் காத்தில அது மிகக் குறைவு.

அடைப்பு சில மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாறினா அது வருத்தமில்லை, இயல்பு. நம்ம ஆக்கள் இடகலை (இடப்பக்க மூச்சு), பிங்கலை (வலப்பக்க மூச்சு) என்டு எப்பவோ கவனிச்ச விஷயம். எப்பவும் ஒரே பக்கம் என்டா நடுச்சுவர் வளைவோ சதை வளர்ச்சியோ, காட்டுங்கோ.

உப்புத்தண்ணி:
அடைச்ச மூக்கை உப்புத்தண்ணியால கழுவுற முறை சொல்றன். தண்ணி 240 மில்லி. ஒரு நிமிஷமாவது கொதிக்கோணும், பிறகு இளஞ்சூட்டுக்கு ஆறட்டும். கிணத்துத் தண்ணியை அப்படியே மூக்குக்குள்ள விடாதீங்கோ. நன்னீரில இருக்கக்கூடிய ஒருவகை அமீபா, குடிச்சா ஒண்டும் செய்யாது, மூக்கால மூளைக்கு ஏறினா தப்புறது அரிது. தூள் உப்பு தேக்கரண்டியில மூன்றிலொரு பங்கு, அண்ணளவா 2 கிராம். அப்பச்சோடா ஒரு சிட்டிகை.

சிங்குக்கு மேல குனிஞ்சு தலையைப் பக்கவாட்டில சரிச்சு, வாயால மூச்சு விட்டபடி மேல் துவாரத்தில ஊத்தினா கீழ்த் துவாரத்தால வரும். எரிஞ்சா பலர் உப்பைக் குறைக்கினம். அங்கதான் பிழை, உப்புக் குறைஞ்சாலும் எரியும். பிறகு பலமாச் சிந்தாதீங்கோ, காதடைக்கும்.

பாமசியில வாங்கிற அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து 5 நாளுக்கு மேல வேண்டாம். கூட நாள் விட்டா, நிப்பாட்டினவுடன முன்னம் இருந்ததை விட மோசமா அடைக்கும். ஸ்டீராய்டு ஸ்பிரே வேற சாமான், அது பிடிக்க ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். இடப் பக்கத்துக்கு வலக் கையால, நுனி கண்ணின்ர வெளி மூலையைப் பார்க்க அடிக்கோணும். நடுச்சுவரில பட்டா ரத்தம் வரும். தொண்டையில கசந்தா உறிஞ்சினது கூடிப்போச்சு.

மலையேறி:
ஓட்டத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மூச்சுப்பாதையின்ர மொத்தத் தடையில பாதிக்குக் கிட்ட மூக்கிலதான். நிமிஷத்துக்கு 35, 40 லீற்றர் காத்துத் தேவைப்படேக்க உடம்பு தானா வாயைத் திறக்கும், அது தோல்வியில்லை. மெதுவான ஓட்டத்தில மூக்கு மட்டும், மூச்சு முட்டினா வேகத்தைக் குறையுங்கோ. கோட்டை வாசலால கோணேசர் மலைக்கு ஏறேக்க வாயையும் விடுங்கோ.

கடற்கரைநடை:
நன்றி. கல்லுப்புப் போடலாமோ? கடல்ல முழுகினா மூக்குத் திறக்குதே, அந்தத் தண்ணி?

உப்புத்தண்ணி:
கல்லுப்பில மண் இருக்கும், கரண்டி அளவும் பிழைக்கும். கடல்தண்ணியில லீற்றருக்கு 35 கிராம் உப்பு, நம்ம கலவையைப் போல நாலு மடங்கு. வீங்கின சவ்வில இருந்து நீரை இழுக்கிறதாலதான் திறக்குது. ஆனா கரையோரத்தில வடிகால் தண்ணியும் கலந்திருக்கும், அதைப் போத்தலில அள்ளிக்கொண்டு வராதீங்கோ.