மறு: நிகழ்தகவில் வரும் ‘புரோட்டோகால்’: ‘புலப்படுமுறை’ என்று வைத்தால்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று கதவுப் புதிர் தெரியும்: ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டுக்குப் பின்னால் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், விளையாட்டை நடத்துகிறவர் மீதி இரண்டில் ஒன்றைத் திறந்து ஆட்டைக் காட்டி, உங்கள் கதவை மாற்றிக்கொள்கிறீர்களா என்கிறார். மாற்றுவதா வேண்டாமா என்று நம் மடற்குழுவில் ஆரம்பித்த சண்டை, ‘புரோட்டோகால்’ என்பதற்கு, அதாவது தகவல் நம்மிடம் எப்படி வந்து சேர்கிறது என்ற ஏற்பாட்டுக்கு, தமிழ் தேடுவதில் வந்து நிற்கிறது. பேச்சு திசை மாறிவிட்டது என்று இரண்டு பேர் குறைபட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சண்டையில் பாதி, இப்படி ஒரு சொல் கையில் இல்லாததால் வந்த சண்டை.

முதலில் கோவை நண்பரின் கேள்வி:

> நிபந்தனை நிகழ்தகவு என்ற சொல் இருக்கிறதே, போதாதா? கொடுத்த தகவலை நிபந்தனையாக வைத்துக் கணக்குப் போட்டால் விடை வந்துவிடுகிறது. புதிதாக ஒரு சொல் எதற்கு?

போதாது ஐயா. போட்டே பார்த்துவிடலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள 400 குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஆணோ பெண்ணோ பிறக்கச் சம வாய்ப்பு என்று வைத்தால், சராசரியாக 100 வீட்டில் இரண்டும் பெண், 100 வீட்டில் இரண்டும் ஆண், மீதி 200 வீட்டில் ஆணொன்று பெண்ணொன்று. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

சாயங்காலம் லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடக்கப் போகிறீர்கள். எதிரே உங்கள் தெருக்காரர் ஒருவர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். “என் பொண்ணு சார்” என்கிறார். இன்னொரு பிள்ளையும் பெண்ணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

‘குறைந்தது ஒன்று பெண்’ என்பதை நிபந்தனையாக வைத்தால் 300 வீடுகள் மிஞ்சும், அதில் 100 வீட்டில் இரண்டும் பெண், ஆக 1/3. நம் குழுவில் பெரும்பாலானோர் சொன்ன விடை இதுதான். ஆனால் அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று யாருமே கேட்கவில்லை.

எந்தப் பிள்ளை முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறதோ அதைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெண்ணான 100 வீட்டிலும் பெண்தான் வரும். கலப்பான 200 வீட்டில் பாதி நாள் பையன் முந்திக்கொள்வான், ஆகவே 100 வீட்டில்தான் பெண் வரும். பூங்காவில் நீங்கள் பெண்ணைப் பார்ப்பது மொத்தம் 200 வீட்டில், அதில் 100 வீட்டில் இரண்டும் பெண். விடை 1/2.

அவரே வேறு மாதிரி ஆளாக இருக்கட்டும். பையன் இருந்தால் அவனை டியூஷனுக்கு விரட்டிவிட்டுப் பெண்ணை மட்டுமே பூங்காவுக்குக் கூட்டி வருபவர். இப்போது 300 வீட்டிலிருந்தும் பெண் வருகிறாள், விடை 1/3. மூன்றாவது வகையும் உண்டு: பையன் என்று ஒருவன் இருந்தால் அவனைத்தான் ஓடவைக்கக் கூட்டி வருவார், பெண்ணை வீட்டிலேயே விட்டுவிடுவார். (இந்த வகைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.) அப்படிப்பட்டவர் பெண்ணோடு வந்தால் அவருக்குப் பையனே கிடையாது என்று அர்த்தம். விடை 1.

உங்கள் கண்ணில் பட்டது மூன்று தடவையும் ஒரே காட்சி. அவர் சொன்ன வார்த்தையிலும் மாற்றமில்லை. விடை மட்டும் 1/2, 1/3, 1 என்று ஓடுகிறது. மாறியது, அந்தக் காட்சியை உங்கள் முன் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்குத்தான் பெயர் வைக்கப் போகிறோம். கணிதப் புதிர்கள் எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர் 1959-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இந்த இரு பிள்ளைப் புதிரைப் போட்டு, ஒரு பையன் இருக்கிறான் என்று தெரிந்த வீட்டில் இன்னொன்றும் பையனாக இருக்க 1/3 என்றார். தகவல் எப்படிக் கிடைத்தது என்று சொல்லாதவரை கேள்வியே தெளிவாக இல்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

மூன்று கதவுக் கதையும் இதேதான். புள்ளியியலாளர் ஸ்டீவ் செல்வின் 1975-இல் அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டீஷியன் இதழுக்குக் கடிதமாக எழுதியபோது பெரிய கலவரம் எதுவும் இல்லை. 1990-இல் மேரிலின் வாஸ் சாவந்த் பரேட் இதழில் தன் கேள்வி-பதில் பத்தியில் ‘மாற்றுங்கள், ஜெயிக்க வாய்ப்பு 2/3’ என்று எழுதியதும் சுமார் 10,000 கடிதங்கள் வந்து விழுந்தன, அவற்றில் ஆயிரத்துக்கு நெருக்கமானவை முனைவர் பட்டக்காரர்களுடையவை. கதவைத் திறக்கிறவர் கார் எங்கே என்று தெரிந்தவர், எப்போதும் ஆட்டுக் கதவையே திறப்பவர் என்றால் அந்த அம்மையார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாகத் திறந்து, அது ஆடாக அமைந்துவிட்டது என்றால் 1/2. நீங்கள் காரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே ஆசை காட்டி மாற்றச் சொல்கிற ஆள் என்றால், மாற்றியவருக்குக் கிடைப்பது ஆடுதான். 1991-இல் நியூயார்க் டைம்ஸ் நிருபரைத் தன் வீட்டில் உட்காரவைத்து விளையாடிக் காட்டிய, தொலைக்காட்சியில் கதவு விளையாட்டை நடத்தி வந்த மான்டி ஹாலே இந்தக் கடைசி வேலையைச் செய்திருக்கிறார். மாற்றும் வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தனக்கு இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சொல் கிடைத்துவிட்டால் சண்டை முழுக்கத் தீர்ந்துவிடாது. ஏற்பாட்டைத் தெளிவாகச் சொன்ன பிறகும் ‘மிச்சம் இரண்டு கதவு, ஆகவே பாதிப் பாதி’ என்று நிற்பவர்கள் உண்டு. பால் ஏர்டிஷ் போன்ற கணித மேதையே கணினியில் ஓட்டிக் காட்டும் வரை சமாதானம் ஆகவில்லை என்கிறார்கள். அது வேறு நோய். ஆனால் நம் குழுவில் போன வாரம் நடந்தது பெரும்பாலும் முதல் வகைச் சண்டை: இரண்டு தரப்பும் சரியாகவே கணக்குப் போட்டார்கள், வேறு வேறு ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். 1985-இல் நிகழ்தகவு அறிஞர் கிளென் ஷேஃபர் நிபந்தனை நிகழ்தகவு பற்றிய கட்டுரையில், எந்தெந்தத் தகவல் எந்தச் சூழலில் வெளிவரலாம் என்ற விதிகள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று வாதாடி, அதை ‘புரோட்டோகால்’ என்றார். அதற்குத் தமிழாக நம் குழுவில் வந்த பரிந்துரைகள் நான்கு.

‘நெறிமுறை’யைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். இணைய நெறிமுறை என்று பதிந்துபோன சொல்லைத் திரும்ப வாங்குவது கஷ்டம். தவிர, அதில் ஒழுக்க வாடை வேறு. பூங்காவுக்குப் பெண்ணைக் கூட்டி வருவதில் என்ன நெறி இருக்கிறது?

‘அறிவிப்பு விதி’யில் எனக்குள்ள பயம் இரண்டாவது பாதி. இயற்பியல் பாடத்தில் ‘விதி’ யாரையும் தொந்தரவு செய்வதில்லை. நிகழ்தகவுப் பாடத்தில், அதுவும் சீட்டும் பரிசும் பேசுகிற இடத்தில், விதி என்றதும் பிள்ளைகளுக்குத் தலையெழுத்துதான் ஞாபகம் வரும்.

‘காட்டுவிதி’ சுருக்கமானது, ஒப்புக்கொள்கிறேன். படிப்பவர் காட்டுக்குள் போய்விடுவார்.

கும்பகோணத்து அம்மா தந்த ‘தெரிவிப்புமுறை’ இந்த நான்கில் சிறந்தது. ஆனால் தெரிவிப்பு என்றால் தெரிவிக்க ஒருவர் வேண்டும். கதவுப் புதிரில் அப்படி ஒருவர் இருக்கிறார். பூங்காவில் பேசாமலே கடந்துபோயிருந்தாலும் நீங்கள் சிறுமியைப் பார்த்திருப்பீர்கள், கணக்கும் மாறியிருக்காது. இன்னொன்று, ஈழத்து வழக்கில் ‘தெரிவு’ என்பது தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும். ஏற்கெனவே நாம் கூறுவெளி (வரக்கூடிய விளைவுகள் எல்லாவற்றின் தொகுப்பு) என்பதை அவர்கள் மாதிரிவெளி என்கிறார்கள், ‘ரேண்டம்’ என்பதற்கு நாம் சமவாய்ப்பு என்னும் இடத்தில் அவர்கள் எழுமாற்று என்கிறார்கள். புதிதாக வைக்கும் சொல்லாவது இரண்டு கரையிலும் குழப்பமில்லாமல் இருக்கட்டுமே.

என் பரிந்துரை ‘புலப்படுமுறை’. புலன் ஐந்தையும் தழுவுவதால் பார்த்தது, கேட்டது, ஒருவர் சொன்னது எல்லாம் இதில் அடங்கும். இதைவிட எனக்குப் பிடித்த காரணம் இலக்கணம். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: புலப்பட்ட, புலப்படுகின்ற, புலப்படும் முறை. இந்தப் புதிர்களில் இடறுகிறவர்கள் எல்லாரும் புலப்பட்டதை மட்டும் பார்த்துவிட்டு, அதே ஏற்பாட்டில் வேறு என்ன புலப்பட்டிருக்கலாம் என்பதை விட்டுவிடுகிறார்கள். காலம் காட்டாத ஒரு சொல் அந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

திருச்சி நண்பர் ‘முறை’ என்பது எண்ணிக்கையையும் குறிக்குமே என்று கேட்டிருந்தார். உண்மைதான், ‘ஆயிரம் முறை சுண்டினால்’ என்று எழுதுகிற பாடம் இது. அதனால்தான் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதச் சொல்கிறேன். எண்ணிக்கைக்கு ‘தடவை’ இருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘இந்தக் கணக்கில் புலப்படுமுறை தரப்படவில்லை, எனவே ஒரே விடை கிடையாது.’ ‘புலப்படுமுறை மாறினால் நிபந்தனை நிகழ்தகவும் மாறலாம்.’ பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு உறுத்தாது என்று நினைக்கிறேன்.

மறுப்பு வராவிட்டால், தமிழ்க் கலைச்சொற்களைத் தொகுக்கும் சொற்குவைத் தளத்துக்கு இந்த விளக்கத்தோடு அனுப்பலாம்: ‘ஒரு சோதனையில் எந்தெந்தத் தகவல், எந்தச் சூழலில், என்ன வாய்ப்போடு ஒருவருக்குக் கிடைக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் ஏற்பாடு.’ இதைச் சுருக்க முடிந்தால் யாராவது சுருக்கித் தாருங்கள்.

அப்புறம், கதவைத் திறக்கிறவரை ‘நடத்துநர்’ என்று மூன்று மடல்களில் பார்த்தேன். சென்னையில் அவர் பேருந்தில் டிக்கெட் கிழிப்பவர். அதற்கும் ஒரு சொல் வேண்டும், ஆனால் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து