மெஷின் ஷாப்பில் ஷிஃப்ட் பொறுப்பு: குழுவினர் என்னைத் தாண்டிப் போவதை எப்படி நிறுத்துவது?

கேள்வி: தென்பெண்ணை

ஓசூர்ப் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் மெஷின் ஷாப்பில் ஷிஃப்ட் இன்சார்ஜாகப் பணிபுரிகிறேன். என் பொறுப்பில் உள்ள ஆபரேட்டர்கள், செட்டர்கள் (மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவர்கள்), தர ஆய்வாளர் அனைவரும் ஆண்கள். பாதிப் பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். டிப்ளமோ முடித்துப் பயிற்சியாளராகச் சேர்ந்து, இதே சிஎன்சி (கணினி வழி இயங்கும்) மெஷின்களில் செட்டிங்கும் புரோகிராமும் கற்றுக்கொண்டுதான் இந்தப் பொறுப்புக்கு வந்தேன் என்பதால், எனக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. நேருக்கு நேர் எதிர்த்துப் பேசுபவர்களும் இல்லை.

நடப்பது வேறு. துளையின் அளவு கீழ் வரம்பை நெருங்கிவிட்டது, மெஷினை நிறுத்தி இன்சர்ட்டை (தேய்ந்த வெட்டு முனையை) மாற்றுங்கள் என்று நான் சொன்னால், ஆபரேட்டர் தலையாட்டிவிட்டு மூத்த செட்டரிடம் போய், "மேடம் நிறுத்தச் சொல்றாங்க, நிறுத்தட்டுமாண்ணே?" என்று கேட்கிறார். அவர் சரி என்ற பிறகே மெஷின் நிற்கிறது; அதற்குள் ஓடிவிட்ட பீஸ்கள் மறுநாள் காலைக் கூட்டத்தில் என் ஷிஃப்டின் ரிஜெக்‌ஷனாக வாசிக்கப்படுகின்றன. விடுப்பும் ஓவர்டைமும் நேராக உற்பத்தி மேலாளரிடம் போகின்றன; அவர் அனுமதித்த பிறகு எனக்குச் செய்தி வருகிறது. எனக்கு முன்பு இருந்தவர் குரலை உயர்த்தியபோது கறாரானவர் என்று பெயர் வாங்கினார். நான் அதில் பாதி உயர்த்தினாலும், வீட்டில் என்ன பிரச்சினையோ என்று பேசிக்கொள்கிறார்கள்.

இவற்றுக்கு மேல், பாதுகாப்பு கருதி என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே இரவு ஷிஃப்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அடுத்த பதவி உயர்வுக்கு மூன்று ஷிஃப்டையும் நடத்திய அனுபவம் வேண்டும் என்கிறார்கள். மனிதவளத் துறையிடம் சொன்னேன். அனுசரித்துப் போகும்படி அறிவுரை கிடைத்தது. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

பதில்: பழைய ஃபோர்மேன்

அம்மா, தவறாக எண்ண வேண்டாம். புதிதாக இன்சார்ஜ் ஆனவர் ஆணாக இருந்தாலும், பழைய ஆபரேட்டர்கள் மூத்த செட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்; மெஷின் ஷாப்பில் அனுபவத்துக்குத்தான் முதல் மரியாதை. அந்த செட்டரை உங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள். கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

பதில்: சித்தாள் மகள்

பெரியவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் தென்பெண்ணைக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவருடைய விடுப்புக் கடிதங்களும் மேலாளரிடம் நேராகப் போயினவா என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் இதற்கும் அனுபவத்துக்கும் சம்பந்தமில்லை, பொறுமையால் இது தீரப்போவதுமில்லை.

நான் கட்டுமானத் தளப் பொறியாளர். கம்பி கட்டியதைச் சரிபார்த்து நான் திருத்தம் சொன்னால், மேஸ்திரி கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஒப்பந்ததாரருக்கு போன் செய்வார். அவரிடம் மரியாதையைக் கேட்டுப் பெறும் முயற்சியில் நான் இறங்கவில்லை. கான்கிரீட் போடும் முன் நிரப்ப வேண்டிய அனுமதிப் படிவம் எல்லாப் பெரிய தளங்களிலும் உண்டு. எங்கள் தளத்தில் யாரோ ஒருவர் கையெழுத்திடுவதாக இருந்ததை, தளப் பொறியாளர் மட்டுமே கையெழுத்திட வேண்டும் என்று திட்ட மேலாளரைக் கொண்டு எழுத்தில் மாற்றினேன். கலவை வண்டி வாசலில் காத்திருக்கும்போது என் கையெழுத்து இல்லாமல் ஒரு சட்டி கான்கிரீட்கூட விழாது என்ற நிலை வந்ததும், போன் செய்வதில் பயனில்லை என்று மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. உங்கள் லைனில் இன்சர்ட் மாற்றிய பிறகு முதல் பீஸ் அப்ரூவல் (முதலில் வரும் பீஸைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது) இருக்குமே, அந்தக் கையெழுத்து இப்போது யாருடையது?

செட்டரிடம் தனியாகப் பேசுங்கள். ஆபரேட்டர்கள் முன்னால் அவரைக் குறை சொன்னால் அவருக்காக எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். "மேடம் சொன்னா நிறுத்து, என்கிட்ட ஏன் வர்றே?" என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும்.

பதில்: தொழிலாளர் வழக்குரைஞர்

இரவு ஷிஃப்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மாலை 7 மணிக்குப் பிறகு காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. ஆனால் போக்குவரத்து, ஓய்வறை, பெண்களைக் குழுவாகப் பணியமர்த்துதல் போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பெண்ணின் ஒப்புதலோடு இரவுப் பணியை அனுமதிக்கிறது. எனவே, ஒரே ஒரு பெண்ணை இரவில் வைக்க முடியாது என்று நிர்வாகம் சொல்ல இடமிருக்கிறது. அந்த விவாதத்தில் சிக்காமல், நிர்வாகமே எடுத்த முடிவால் கிடைக்காமல்போன அனுபவத்தைப் பதவி உயர்வில் என் குறையாகக் கணக்கிடக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள்.

2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். இரட்டை அர்த்தப் பேச்சு போன்றவை இருந்தால் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் அங்கே புகார் அளிக்கலாம். நீங்கள் விவரித்திருப்பவை, பாலியல் சாயல் இல்லாதவரை, அந்தக் குழுவின் வரம்பில் வராது.

பெண் சொன்னால் ஆண்கள் கேட்கமாட்டார்கள் என்பதை நிர்வாகம் ஒரு காரணமாக முன்வைத்தால் வியப்படையாதீர்கள். கிராமப்புறப் பின்னணி கொண்ட வீரர்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று ராணுவப் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி தொடர்பான வழக்கில் ஒன்றிய அரசே வாதிட்டது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது.

தென்பெண்ணை

அனைவருக்கும் நன்றி. முதல் பீஸ் அப்ரூவலில் இப்போது செட்டரும் தர ஆய்வாளரும் கையெழுத்திடுகிறார்கள். அங்கே என் பெயரே இல்லை என்பது, கேட்ட பிறகுதான் உறைக்கிறது. செட்டர் நல்ல மனிதர், அவரிடம் பேசிவிடலாம். மேலாளரிடம் பேசுவதுதான் கடினம். என்னை மதிக்கவில்லை என்று தொடங்கினால், அவர் உடனே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்.

பதில்: சித்தாள் மகள்

மதிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். நீங்கள் நிறுத்தச் சொன்ன நேரம், மெஷின் நின்ற நேரம், இடையில் ஓடிய பீஸ்கள், அவற்றில் ரிஜெக்ட் ஆனவை ஆகிய நான்கையும் ஷிஃப்ட் பதிவேட்டில் அந்தந்த நேரமே எழுதி வாருங்கள். மெஷினின் அலாரம், சைக்கிள் (ஒரு பீஸ் செய்து முடியும் சுற்று) பதிவுகளோடு ஒத்துப்பார்க்கவும் முடியும். மாதக் கடைசியில் ஸ்கிராப் செலவுக்கு மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தாளை மேசையில் வைத்து, அப்ரூவல் கையெழுத்தும் விடுப்புக் கையெழுத்தும் உங்கள் வழியாக வர வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்து இல்லாத விடுப்புக் கடிதத்தை அவர் திருப்பி அனுப்புகிறாரா என்று பாருங்கள். அவர் அனுப்பவில்லை என்றால், அதே தாளோடு பிளான்ட் ஹெட்டிடம் போகலாம்.