பிள்ளைகள் புத்தகத்தைத் தொட்ட கதை: உங்கள் அனுபவம் என்ன?

திண்டிவனம் பக்கம், தன்னார்வலர்:

2021 அக்டோபரில் மரக்காணம் பகுதியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் சாயங்காலத்தில் சொல்லித்தரும் வேலை. எங்கள் தெருவுக்கு நான் சேர்ந்தேன். வாசலில் பாயை விரித்தால் அதுதான் வகுப்பு.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வருவான். எழுத்து தெரியும், கூட்டி வாசிக்க வராது. 'கொ' வந்தால் முதலில் 'கெ' என்பான், அப்புறம் பின்னால் நிற்கும் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அதற்குள் வாக்கியம் மறந்துபோகும். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். நான்கு நிலைகள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான், மீதியெல்லாம் படம். கொஞ்சம் அச்சடித்து நூலால் தைத்துப் பாயில் பரப்பி வைத்தேன். எதை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இவன் யானைக் கதை ஒன்றை எடுத்தான். மறுநாளும் அதே யானை. அடுத்த வாரமும். நான் வாசிக்க வாசிக்க அவனுக்கு முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கைக்கு 'வாசித்து'க் காட்டுவான், சரியாகப் பக்கத்தையும் புரட்டுவான்.

அவன் ஆயா வந்து கேட்டார்: "ஏம்மா, இவன் படிக்கிறானா, ஒப்பிக்கிறானா?"

"ஒப்பிக்கிறான் ஆயா. ஒப்பிக்கட்டும்."

சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது நான் வரியைப் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொள்வேன். 'குளித்தது' என்றிருந்தால் 'குளிச்சுது'. எழுத்துத் தமிழை அப்படியே வாசித்தால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். ஒருநாள் அப்படி வாசிக்கும்போது இவன் விரலை வைத்துத் தடுத்தான். "அக்கா, தப்பா படிக்கிறீங்க. இங்க 'த்' இருக்கு பாருங்க, 'ச்' இல்ல."

அன்றைக்குத்தான் அவன் படத்தை விட்டு எழுத்துக்கு வந்தான். வரி ஏற்கெனவே தெரிந்திருந்ததால் எழுத்தைப் பார்க்க அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் யானையை விட்டுவிட்டு வேறு கதைக்குப் போனான். அதிலும் தடுமாறினான்தான், ஆனால் தண்ணீர் குடிக்க எழுந்து போகவில்லை.

ஒன்றே ஒன்றில் நான் கறார். வாசித்து முடித்ததும் 'கதையின் நீதி என்ன' என்று யாரும் கேட்கக் கூடாது. சினிமா பார்த்துவிட்டு வந்தால் நம்மிடம் யாராவது கேட்கிறார்களா?

சென்னை, ஏழு வயதுப் பெண்ணின் அப்பா:

நீதி கேட்காதீர்கள் என்பதற்கு என் வோட்டு உண்டு. எங்கள் வீட்டில் அந்த வேலையை என் மாமனார் பார்த்துக்கொள்கிறார்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வருகிறோம். சிறுவர் பகுதி நடுவில் பெரிய செயற்கை மரம் ஒன்று நிற்கிறது. முதலில் போனபோதெல்லாம் மகள் மரத்தைச் சுற்றி ஓடியதோடு சரி. நான் ஓரமாக உட்கார்ந்து எனக்குப் பிடித்ததைப் படித்துக்கொண்டிருந்தேன், கூப்பிடவில்லை. ஓடிக் களைத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், பக்கத்துப் பெண் சிரித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் நகர்ந்து இடம் கொடுத்தாள். அப்பாவும் அம்மாவும் சொல்லிக் கேட்காதது அடுத்த பிள்ளை சிரித்தால் நடக்கிறது. இப்போது காமிக்ஸ்தான் அதிகம் எடுக்கிறாள். "அதெல்லாம் படிப்பா?" என்று வீட்டில் முணுமுணுப்பு. சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்துத்தான் எனக்கே வேகமாக வாசிக்க வந்தது, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற கிளை நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்:

ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். நல்ல நல்ல புத்தகங்கள், பீரோவுக்குள், பூட்டு போட்டு. கேட்டால், "கிழிந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு நான்தானே பதில் சொல்லணும்?" என்றார் பொறுப்பில் இருந்தவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆடிட் வரும்போது புத்தகம் எத்தனை என்று எண்ணுவார்கள், எத்தனை பேர் படித்தார்கள் என்று யார் எண்ணுகிறார்கள்?

சிறுவர் புத்தகம் கிழியத்தான் செய்யும். என் நூலகத்தில் பசையும் வெள்ளைத் துணியும் மேசையிலேயே இருக்கும். கிழித்த பிள்ளையையே கூப்பிட்டு ஒட்டச் சொல்வேன். திட்டு கிடையாது. ஒட்டும்போது அந்தப் பக்கத்தை நிச்சயம் படித்துவிடுவார்கள், அது எனக்கு லாபம். சிறுவர் புத்தகங்களைத் தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டில் அட்டை தெரிய வைத்தேன். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் நான்கு வயதுக்காரனுக்கு அது வெறும் சுவர்.

அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருப்பதைப் பார்த்தேன். சிறியவை, மெலிசு. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 'நட'வில் இருக்கும் பிள்ளை 'பற'வைத் தூக்கிப் படம் பார்த்தால் பிடுங்காதீர்கள்.

இன்னொன்று. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது, இந்த வரிக்கு வேர் அதுதான். கட்டிய காசுக்காவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போங்கள். சிறுவர் புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள். கேட்டு எழுதிவைத்தால்தான் அடுத்த கொள்முதலில் வரும்.

திண்டிவனம் பக்கம், தன்னார்வலர்:

ஐயா, அந்த வெள்ளைத் துணி எந்தத் துணி? நான் செல்லோடேப் ஒட்டினால் கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பிய்ந்துவிடுகிறது.