மளிகைக்கடை செனட்டரும் நம் பையனின் படிப்பும்

குழு: பாளையங்கோட்டை வீடு

அக்கா (டப்ளின்): பள்ளிக்கூடத்தில் இன்று கூப்பிட்டுப் பேசினார்கள். ட்ரான்ஸிஷன் இயர், அதுதான் கடைசி ரெண்டு வருஷப் படிப்புக்கு முன்னால் வரும் இடைவருஷம், முடிந்ததும் பெரியவனை லீவிங் சர்ட் அப்ளைடில் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள் என்கிறார்கள். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. படிப்பு வராத பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற இடம் அது என்றுதான் இங்கே அம்மாக்கள் பேசிக்கொள்கிறார்கள்.

பெரியப்பா: அது என்னம்மா பிரிவு? நம் ஊர் பிளஸ் டூவில் தொழிற்கல்வி வைத்திருக்கிறோமே, அது மாதிரியா?

அக்கா (டப்ளின்): கொஞ்சம் அப்படித்தான் பெரியப்பா. தம்பி, நீ சொல்லுடா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

நான்: பெரியப்பா, இங்கே அயர்லாந்தில் பள்ளி முடிவில் எழுதும் பெரிய பரீட்சைக்கு லீவிங் சர்ட் என்று பெயர். அதில் வாங்கும் மதிப்பெண்ணைப் புள்ளிகளாக மாற்றி அதை வைத்துத்தான் பல்கலைக்கழக இடம் கொடுப்பார்கள். அப்ளைட் என்பது 1995-இல் வந்த தனிப் பிரிவு, ரெண்டு வருஷம். அதை நாலு அரையாண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பையன் செய்து முடித்த வேலைக்குக் கிரெடிட் சேர்த்துக்கொண்டே போவார்கள். வேலை அனுபவத்துக்கு வெளியே அனுப்புவார்கள், செய்முறைப் பணிகள் உண்டு, கடைசியில் பரீட்சையும் உண்டு. எல்லாம் சேர்த்து 200 கிரெடிட், 120 வந்தால் தேர்ச்சி. ஆனால் இதை வைத்து நேரடியாகப் பல்கலைக்கழகம் போக முடியாது, நடுவில் ஒரு தொழிற்படிப்பு முடித்துவிட்டுப் போகலாம்.

பெரியப்பா: அப்படியானால் உன் அக்கா பயப்படுவதில் தப்பே இல்லை. வாசலை அடைத்துவிட்டு, சன்னல் வழியாக வா என்கிறார்கள்.

நான்: அந்தக் குறையை நான் மறைக்கவில்லை பெரியப்பா. ஆனால் இந்தப் பிரிவை உருவாக்கிய வழிகாட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் யார் என்று தெரிந்தால் அக்காவுக்கு இதை வேறு மாதிரிப் பார்க்கத் தோன்றும். ஃபெர்கல் குவின். கல்வி அதிகாரி இல்லை, மளிகைக்கடைக்காரர். 1960-இல் டன்டாக் ஊரில் ஒரு கடை திறந்து, அதைச் சூப்பர்குவின் என்ற பெரிய சங்கிலிக்கடையாக வளர்த்தவர். 1993-இலிருந்து 2016 வரை செனட்டில், அதாவது இங்குள்ள மேலவையில் இருந்தார், எந்தக் கட்சியிலும் சேராமல்.

சித்தி: சூப்பர்குவினா? நான் அங்கே வந்திருந்தப்போ நாம் போனோமே, குழந்தைகளை விளையாட விட்டுவிட்டுச் சாமான் வாங்குகிற கடை, அதுதானே?

அக்கா (டப்ளின்): அதேதான் சித்தி. 2014-இல் பெயரைச் சூப்பர்வேல்யூ என்று மாற்றிவிட்டார்கள். இப்போதும் வாராவாரம் அங்கேதான் போகிறேன்.

நான்: பணம் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் மிட்டாய் வைத்தால் குழந்தைகள் அழுது அடம்பிடித்து வாங்க வைக்கும், கடைக்கு லாபம். அவர் அதை எடுத்துவிட்டார், தாய்மார்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று. முதலாளியே நின்று வாடிக்கையாளர் சாமானைப் பையில் போட்டுக் கொடுப்பார். அவர் அப்பா ஸ்கெரிஸில் ஒரு விடுமுறை முகாம் நடத்தினார். அங்கே ஆட்கள் முதலிலேயே மொத்தப் பணத்தையும் கட்டிவிடுவார்கள், அதனால் வந்தவர்களிடம் இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்ற யோசனையே கிடையாது, அடுத்த வருஷமும் இவர்கள் வரவேண்டும், அது ஒன்றுதான் குறி. சின்ன வயசில் அங்கே வேலை செய்து கற்றதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்ளைடைப் பார்க்கும்போது எனக்கு அந்த முகாம்தான் நினைவுக்கு வரும். நடுவில் படிப்பை விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளை நாளைக்கும் பள்ளிக்கு வரவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த பாடத்திட்டம் அது.

பெரியப்பா: நான் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவன், ஒன்று கேட்கிறேன். வியாபாரி கல்விக்குள் வந்தால் தன் கடைக்கு ஆள் தயார் செய்யத்தானே பார்ப்பான்?

நான்: நியாயமான கேள்வி பெரியப்பா. அந்தச் சந்தேகம் இருக்கவே வேண்டும். ஆனால் அப்ளைடில் தொழில் மட்டும் இல்லை. ஆங்கிலம் உண்டு, ஐரிஷ் உண்டு, கலை உண்டு, சமூகம் பற்றிய பாடம் உண்டு. ஒரே மூன்று மணி நேரப் பரீட்சையில் மனப்பாடத்தைக் கொட்ட முடியாத பிள்ளையையும் முட்டாள் என்று ஒதுக்காத ஏற்பாடு. பல்கலைக்கழகக் கதவை அப்போதே இன்னும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். 2022-இலிருந்துதான் இந்தப் பிள்ளைகள் சாதாரண லீவிங் சர்ட் கணக்கையும் வெளிநாட்டு மொழியையும் சேர்த்து எடுக்க வழி செய்தார்கள். ரொம்பத் தாமதம்.

அத்தான்: வேலையில் இருந்தேன், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். குவின் பெயரைப் பார்த்ததும் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. வயரிங் வேலை எடுத்துச் செய்கிற எங்களுக்கு அவர்தான் சட்டம் கொண்டுவந்தார்.

பெரியப்பா: என்ன சட்டம் மாப்பிள்ளை?

அத்தான்: கட்டுமான ஒப்பந்தச் சட்டம் மாமா. 2008-க்குப் பிறகு இங்கே கட்டுமானத் தொழில் அப்படியே விழுந்தது. மேலே இருக்கிற பெரிய ஒப்பந்தக்காரர் எனக்குப் பணம் வரவில்லை, வந்தால் தருகிறேன் என்று சொல்லிவிட்டால் கீழே வேலை செய்தவன் கதை முடிந்தது. கம்பி வாங்கிய கடன், ஆட்கள் சம்பளம் எல்லாம் அவன் தலையில். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கு, செலவுக்கே கட்டாது. என்னிடமும் ஒருவர் அப்படித்தான் இழுத்தடித்தார், அப்போது ஒரு நண்பர்தான் இந்தச் சட்டத்தைக் காட்டினார். ‘வந்தால் தருகிறேன்’ செல்லாது, மேலே இருப்பவர் திவாலானால் மட்டும் விதிவிலக்கு. தகராறு என்றால் நடுவரிடம் போகலாம், அவர் 28 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் நோட்டீஸ் எழுதியதுமே பணம் வந்தது.

நான்: ஆமாம் அத்தான். அந்த மசோதாவை அவர் செனட்டில் கொண்டுவந்தது 2010 மே மாதம். நாடே மூழ்கிக்கொண்டிருந்த வருஷம், நவம்பரில் 85 பில்லியன் யூரோ கடன் ஏற்பாட்டுக்குப் போனார்கள். எல்லாரும் வங்கிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது இவர் கூரைக்கு ஓடு வேய்கிறவன், பெயின்ட் அடிக்கிறவன், கம்பி இழுக்கிறவன் கூலியைப் பற்றிப் பேசினார். நடுவில் அரசாங்கம் மாறியது, திருத்தங்கள் நிறைய வந்தன, 2013-இல் சட்டமானது. அப்புறமும் சும்மா கிடந்தது. 2016 ஜூலை 25-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களுக்குத்தான் பொருந்தும்.

அத்தான்: அந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேர் கடையை மூடியிருப்பார்கள்.

பெரியப்பா: இங்கே மேலவையை மூடியே பல வருஷம் ஆகிறது. அங்கே செனட்டுக்கு அதிகாரம் இருக்கிறதா என்ன?

நான்: பெரிதாக இல்லை பெரியப்பா. 60 பேர். கீழவை அனுப்பும் மசோதாவை 90 நாள் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். வரி, செலவு மசோதா என்றால் 21 நாளில் பரிந்துரை மட்டும். 2013-இல் செனட்டையே ஒழிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், அரசாங்கமே ஒழிக்கச் சொன்னது. ஒழிக்காதீர்கள், சீர்திருத்துங்கள் என்று ஊர் ஊராகப் பேசியவர்களில் குவினும் ஒருவர். 51.7 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்து செனட் தப்பியது. கட்சிக் கொறடாவுக்குப் பயப்படாத ஒரு ஆள் பொறுமையாக ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன அதிகாரத்திலும் என்ன செய்யலாம் என்பதற்கு அத்தான் கைக்கு வந்த பணமே சாட்சி.

சித்தி: இப்போ இருக்கிறாரா அவர்?

நான்: 2019 ஏப்ரலில் இறந்துவிட்டார் சித்தி.

அக்கா (டப்ளின்): சரிடா, எனக்குக் கொஞ்சம் தெளிவாகிறது. ஆனால் இவன் பிற்பாடு எலக்ட்ரீஷியன் ஆகிறேன் என்றால் அப்ளைட் எடுத்ததே தடையாகிவிடாதா?

அத்தான்: ஆகாது. எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு ஜூனியர் சைக்கிள், அதாவது மேல்நிலைப் பள்ளியின் முதல் மூன்று வருஷப் படிப்பின் தேர்ச்சியைத்தான் குறைந்தபட்சமாகப் பார்ப்பார்கள், அது அவனிடம் இருக்கிறது. நாலு வருஷப் பயிற்சி, சம்பளத்தோடு. நிறம் சரியாகத் தெரிகிறதா என்று ஒரு கண் பரிசோதனை வைப்பார்கள், அதை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்வோம்.

பெரியப்பா: பையன் என்ன சொல்கிறான்? அதை யாருமே சொல்லவில்லையே.

அக்கா (டப்ளின்): அவனுக்கு அப்ளைட் போகத்தான் ஆசை பெரியப்பா. நான்தான் அழுதேன்.

பெரியப்பா: அழாதே கண்ணு. ஆனால் அவன் மனசு மாறி மேலே படிக்க ஆசைப்பட்டால் எந்த வழியாகப் போவது என்று பள்ளிக்கூடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்.

நான்: வியாழக்கிழமை கூட்டத்துக்கு நானும் வருகிறேன் அக்கா. கணக்கை லீவிங் சர்ட் அளவில் எடுக்க அந்தப் பள்ளியில் இடம் கொடுப்பார்களா, வேலை அனுபவத்துக்கு எங்கே அனுப்புவார்கள், முடித்த பிள்ளைகள் போன வருஷம் எங்கே போனார்கள், இந்த மூன்றையும் கேட்போம்.

அக்கா (டப்ளின்): ஆறரைக்கு வந்துவிடு. அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவனே கேட்கட்டும்.