25 மணி வந்திருக்குதுங்க, கிறிஸ்மஸுக்குள்ள தேறுமா?

கோபி கொயர்
வணக்கமுங்க. எங்க சபைக்கு பழைய ஹேண்ட்பெல் செட் ஒண்ணு வந்திருக்குது, கையில பிடிச்சு அடிக்கற மணிங்க, மணிக்கு ஒரு சுரம். ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி), ஜி4 முதல் ஜி6 வரை 25 மணி; எழுத்து சுரம், எண் ஸ்தாயி. ஆளு ஒன்பது பேர். பாதிப் பேருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் (அஞ்சு கோட்டுல சுரம் எழுதற முறை) தெரியாது. மணிகளை எப்படிப் பிரிக்கிறதுங்க? நாலஞ்சு மணி ஒரு தட்டுக்கு ரெண்டு சத்தம் போடுது, ஏன்? கீபோர்டோட சேர்த்தா ஒரு ஆக்டேவ் மேலே கேக்குது, செட்டே தப்பா?

கோவை ஆர்கன்
செட்டு சரிதானுங்க. ஹேண்ட்பெல்லுக்கு எழுதறதே ஒரு ஆக்டேவ் கீழே. ஜி4ன்னு பொறிச்ச மணி கீபோர்டுல ஜி5 சுரம்தான் தரும். அதனால பாஸே (கீழ்ச்சுரமே) இருக்காது. கீபோர்டுக்காரர் இடது கையில அதைத் தாங்கோணும்.

25ல இயல்பு சுரம் 15, ஷார்ப் (கீபோர்டோட கறுப்புக் கட்டை சுரம்) 10. ஏழு பேரே போதும்: ஜி4-ஏ4, பி4-சி5, டி5-இ5, எஃப்5-ஜி5, ஏ5-பி5, சி6-டி6, கடைசி ஆளுக்கு இ6, எஃப்6, ஜி6 மூணும். சின்ன மணிங்கறதால ஒரே கையில ரெண்டு பிடிக்கலாம். மீதி ரெண்டு பேரை சும்மா உக்கார வெக்காதீங்க. ஒருத்தர் வரலைன்னா பாட்டுல அந்தச் சுரமே ஓட்டையாயிடும். ஒருத்தர் கீழ்ப்பாதிக்கும் இன்னொருத்தர் மேல்பாதிக்கும் மாற்றாளாப் பழகோணும்.

இந்தப் பிரிப்புல ஒரு சௌகரியம் இருக்குது. ஜோடியில மொத மணியை இடது கையிலயும் அடுத்ததை வலது கையிலயும் பிடிச்சா, இடது கை மணி எல்லாம் கோட்டுல விழும், வலது கை மணி எல்லாம் இடைவெளியில விழும். நொட்டேஷன் தெரியாதவங்களுக்கு அவங்க கோட்டைச் சிவப்பு பென்சில்லயும் இடைவெளியை நீலத்துலயும் வட்டம் போட்டுக் குடுங்க. மொத வாரமே வாசிப்பாங்க.

எஃப் ஷார்ப் வந்தா எஃப் வெச்சிருக்கறவங்க எடுக்கோணும், பி ஃபிளாட் வந்தா பி வெச்சிருக்கறவங்க. ஏ4 ஷார்ப்பும் பி4 ஃபிளாட்டும் ஒரே மணிங்கறதால ரெண்டு பேரும் ஒண்ணா கை நீட்டுவாங்க. முன்னாடியே பென்சில்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

ஈரோடு மணிமேசை
இரட்டைச் சத்தத்துக்கு வர்றேனுங்க. மொதல்ல அந்த மணியை இன்னொருத்தர் கையில குடுத்துப் பாருங்க. யார் அடிச்சாலும் ரெண்டு சத்தம்னா ஸ்பிரிங் கோளாறு. ஒருத்தர் கையில மட்டும்னா பழக்கம்தான் கோளாறு. ஐஸ்காரர் மணி மாதிரி உலுக்கினா எந்த மணியும் இரட்டிக்கும். வாய் மேல பாத்தபடி தோள் பக்கத்துல பிடிச்சு, மணிக்கட்டை ஒரே வெட்டா முன்னால தள்ளி, நீள்வட்டமா சுத்திக் கொண்டாந்து, சுர நேரம் முடியற இடத்துல தோளுல ஒத்தி அடக்கோணும். நம்ம ஊர்ல எல்லாரும் கோட்டை விடறது இந்த அடக்கறதுலதான். மொத ரெண்டு பயிற்சி பாட்டே வேண்டாம், நாலு எண்ணிக்கைக்கு அடிச்சு அடக்கறது மட்டும் போதும்.

ஸ்பிரிங்னா: மணிக்குள்ள இருக்கற நாக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் ஆடும், ரெண்டு பக்கமும் அதைத் தாங்க ஸ்பிரிங் இருக்கும். அது தளர்ந்தா முன்னாடி அடிச்ச நாக்கு திரும்பி வந்து பின்னாடியும் இடிக்கும். சரிசெய்யற ஸ்குரூவை ரெண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு தடவைக்கு கால் சுத்து மட்டும் திருப்பி அடிச்சுப் பாருங்க. மிஞ்சினா சத்தமே வராம மணிக்கட்டு நோவும்.

மேசைக்கு நாலு இஞ்சு ஃபோம், மேல தடிச்ச துணி. ஆளுக்கு ரெண்டடின்னு வெச்சா ஆறடி டேபிள் மூணு வேணும். மெத்துமெத்துன்னு இருக்கற ஃபோம் வேண்டாம், மணி புதைஞ்சு சாயும். அதுவே மெல்லிசா இருந்தா, மணியை மேசையில அடிக்கிற மார்டெல்லாட்டோ வந்ததும் வெங்கலத்துல விரிசல் விடலாம்.

கோபி கொயர்
ரொம்ப நன்றிங்க. மணியெல்லாம் கறுத்துக் கெடக்குது. புளி போட்டுத் தேய்க்கலாமுங்களா?

கோவை ஆர்கன்
ஐயோ, கூடாதுங்க. புளியோட அமிலம் வெங்கலத்தை அரிக்கும், பாத்திரப் பொடி கீறும், ரெண்டும் நாக்கு மூட்டுல போய் அடைஞ்சுக்கும். தண்ணியும் வேண்டாம். வெங்கலத்துக்குன்னே இருக்கற பாலிஷ் துளியூண்டு, மெத்துத் துணியில. வருசத்துக்கு ஒரு தடவை போதும். கைரேகை விழுந்தா கறையா நின்னுடும், அதனால எப்பவும் பருத்திக் கையுறை. அது திருப்பூர்ல டஜன் கணக்குல கெடைக்கும், கைக்கு இறுக்கமா இருக்கற அளவு வாங்குங்க. தொளதொளன்னா கைப்பிடி நழுவும். வெங்கல மணி கீழ விழுந்தா விரிசல் விடலாம்.