கொடிவழித் தொற்று: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பசுவிடமிருந்து கன்றுக்கு நோய் போவதை (vertical transmission) தமிழில் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ‘நிலைக்குத்துக் கடத்தல்’ எனலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூலில் நிலைக்குத்து, கிடை என்று படித்தவர்களுக்கு அது விளங்கும். ஆனால் நான் வெள்ளவத்தையில் இருந்து எழுதும் கையேடு மட்டக்களப்புப் பட்டிகளுக்குப் போகவேண்டியது. அங்கே அந்தச் சொல் எதையும் காட்டாது. இன்னொருவர் சொன்ன ‘பரம்பரைத் தொற்று’ எனக்குப் பயமாகவே இருக்கிறது. பரம்பரை என்றதும் ‘பிறப்பிலேயே வந்தது, என்ன செய்ய’ என்று கைவிட்டுவிடுவோம். இது மரபணுவில் வருவதல்ல, கிருமியால் வருவது. நேரத்தோடு தேடினால் அகப்படும்.

நான் முன்வைப்பது ‘கொடிவழித் தொற்று’. வம்சத்தைக் கொடிவழி என்கிறோம். பசு ஈன்றபின் விழுவதும் இளங்கொடிதான். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணிக்கு இரண்டு பொருளும் பொருந்தும். 1988இல் பெயர் பெற்ற இது சூல்வித்தகத்தை, அதாவது இளங்கொடியைக் கடந்து கருவுக்குள் போகிறது. சில சினைகள் கலைந்துவிடும். தொற்றோடு பிறந்த கிடாரி பலவேளை நல்ல சுகமாகவே வளர்ந்து, பிறகு தன் கன்றுக்கும் அதைக் கொடுக்கும். அம்மம்மா வீட்டில் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள், பால் பெருகும் என்று. அதை நாய் எட்டமுடியாது என்பதுதான் எனக்கு இன்று பெரிதாகப் படுகிறது; தொற்றுள்ள கொடியைத் தின்ற நாயின் மலம் தீவனத்தில் கலந்தால் நோய் திரும்பவும் பட்டிக்குள் வரும்.

கடும்பிலும் (ஈன்றதும் சுரக்கும் முதற்பால்) பாலிலும் போகும் நோயை என்ன சொல்வது என்று அக்கா கேட்டது சரியான கேள்வி. அதைக் ‘கடும்புவழித் தொற்று’ என்று தனியே வைப்போம். பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் சோதனைதான். மாட்டின் பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குபவை, antibodies) சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை. கன்று கடும்பு குடிக்கமுதல் எடுத்த குருதியில் அவை இருந்தால் அவை கன்றே உண்டாக்கியவை. அதாவது வயிற்றுக்குள்ளேயே தொற்றிவிட்டது. ஒருமுறை குடித்துவிட்டால் தாயுடையவை மாதக்கணக்கில் கலந்து நிற்கும், பிரித்தறிய முடியாது. ஆகவே ‘கடும்புமுன் சோதனை’ என்ற சொல்லும் நமக்கு வேண்டும். அந்தச் சொல்லே எப்போது குருதி எடுக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

மாட்டுக்கு வயிற்றோட்டம் தரும் பி.வி.டி. வைரசில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். சினையின் முதல் நான்கு மாதங்களுக்குள் தொற்றினால், கன்றின் உடல் வைரசைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்ளும். பிறபொருளெதிரியே உண்டாகாது, ஆனால் வாழ்நாள் முழுக்க வைரசைப் பரப்பிக்கொண்டிருக்கும். காதில் சிறு துண்டு வெட்டி வைரசையே தேடவேண்டும். இதற்கு ‘நிலைத்தொற்றுக் கன்று’ சரிவருமா? மாட்டின் குடலைத் தாக்கும் ஜோன்ஸ் நோயோ கன்றுப் பருவத்தில் தொற்றினாலும் சோதனையில் தெரிய ஆண்டுக்கணக்காகும். அங்கே தாயைத்தான் சோதிக்கவேண்டும்.

கொடிவழி, கடும்புவழி இரண்டுக்கும் பொதுப்பெயராகத் ‘தாய்சேய்த் தொற்று’ போதும் என்று நினைக்கிறேன். எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிலிருந்து சேய்க்குப் போவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே சொல் இருப்பது நல்லது.

கடும்பு என்றால் மலையகத்தில் விளங்குமா, சீம்பால் என்று போடவேண்டுமா? அங்கிருந்து யாராவது எழுதினால் கையேட்டில் இரண்டையும் சேர்த்துவிடுவேன்.