டூப்புக்கும் ஒரு டூப்

ரிபப்ளிக் என்ற ஹாலிவுட் சினிமாக் கம்பெனியின் காட்டுத் தொடர்படங்களில் (பகுதி பகுதியாகத் தியேட்டரில் காட்டிய படங்கள்) 1941-இல் வந்த 'ஜங்கிள் கேர்ள்', 1955-இல் வந்த 'பேந்தர் கேர்ள் ஆஃப் தி காங்கோ' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அப்போதுதான் வேடிக்கையே. இரண்டாவதில் நாயகி ஃபில்லிஸ் கோட்ஸ் கொடியைப் பிடித்துத் தாவுகிறார், யானைமேல் போகிறார், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நிறுத்திப் பார்த்தால் தூரக் காட்சியில் இருப்பது ஆளே வேறு! பதினான்கு வருஷத்துக்கு முன் ஃபிரான்சிஸ் கிஃபோர்டை வைத்து எடுத்த அதே ஃபிலிம். பழைய துண்டுகளோடு ஒட்ட வேண்டும் என்பதற்காகவே கோட்ஸுக்கும் அதே மாதிரி குட்டை உடுப்பு தைத்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் தெரிந்தது, கிஃபோர்டுக்கே சில சாகசக் காட்சிகளில் டூப் போட்டவர் டேவிட் ஷார்ப் என்ற ஆம்பளையாம். காசை மிச்சம் பிடிப்பதில் இவர்களை அடிச்சுக்க ஆளே இல்லை.

'பேந்தர் கேர்ள்' கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வைரச் சுரங்கத்துப் பக்கம் யாரும் வரக்கூடாதென்று ஒரு விஞ்ஞானி கிரேஃபிஷ் என்ற, இறால் மாதிரி கொடுக்கு வைத்த நன்னீர்ப் பிராணியை ராட்சத சைஸுக்கு வளர்த்து ஊரையே பயமுறுத்துகிறான். நிஜ கிரேஃபிஷைக் குட்டி செட்டுக்குள் ஊர விட்டு எடுத்திருக்கிறார்கள். அது பாவம், அதன் பாட்டுக்கு மெதுவாக நகர்கிறது.

எனக்குப் பிடித்தது பகுதி முடிகிற இடத்து ஏமாற்று. நாயகன் உள்ளே இருக்கும்போதே குடிசை வெடித்துச் சிதறும், 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். அடுத்த பகுதியில் வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் ஜன்னல் வழியாகக் குதிக்கிற ஷாட் ஒன்று புதிதாக முளைத்திருக்கும். தியேட்டரில் வாரத்துக்கு ஒரு பகுதி என்று பார்த்த அந்தக் காலத்துப் பையனுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது, நாம் வரிசையாகப் பார்ப்பதால் உடனே மாட்டிக்கொள்கிறார்கள். நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எந்த ஷாட்டைச் சொருகப் போகிறார்கள் என்று ஊகித்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுகிறேன்.

ஆப்பிரிக்கர்களைக் காட்டியிருக்கும் விதம் மட்டும் சகிக்கவில்லை. வெள்ளைக்காரர் சொன்னால் நம்புவதும் மிரட்டினால் ஓடுவதும் தவிர அவர்களுக்கு வேலையே கிடையாது. அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து 1936-இன் 'டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா', ரிபப்ளிக்கின் முதல் தொடர்படம். அதில் சிறகு வைத்த மனிதர்கள் பறப்பார்கள், ஆள் உயர பொம்மையைக் கம்பியில் ஓடவிட்டு எடுத்தது. யாராவது நல்ல பிரிண்டில் பார்த்திருந்தால் சொல்லுங்கள், கம்பி தெரிகிறதா?